சரக்கு ரயில் எல்லை தாண்டும்போது: நான் செய்த தவறு, இப்போது நீங்கள் செய்யும் தவறு

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு எக்செல் தாளைப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார். 22 வேகன், ஒவ்வொன்றிலும் 65 டன் பழைய இரும்பு, ஆஸ்திரியாவில் ஏற்றி ஹங்கேரியில் இறக்க வேண்டும். பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் அச்சு அசலாக இதே கணக்கைத்தான் போட்டேன்.

வியன்னாவில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ரயில் புக்கிங் என் வேலை. தாள்களைச் சரியாக நிரப்புங்கள், கொள்கலன் எண்ணை இரண்டு முறை பாருங்கள் என்பதெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. முதல் வாரத்திலேயே யாராவது திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எழுதுவது, யாரும் சொல்லித்தராமல் பணம் போன பிறகு தெரியவரும் விஷயங்களை.

கம்பெனி ஒன்று என்பதால் பாதையும் ஒன்று என்று நினைப்பது

ரயில் கார்கோ குரூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரிய ரயில்வேயின் சரக்குப் பிரிவு. 2008ல் ஹங்கேரியின் மாவ் கார்கோவை வாங்கியது, இன்று சுற்றியுள்ள பல நாடுகளில் ஓடுகிறது. வியன்னாவில் பார்த்த அதே பெயரைப் புடாபெஸ்ட்டிலும் எஞ்சினில் பார்க்கலாம். ஆனால் அந்த எஞ்சினுக்குக் கீழே இருக்கும் தண்டவாளம் அவர்களுடையது அல்ல. ஆஸ்திரியாவில் ஒருவர், ஹங்கேரியில் வேறொருவர், செக்கில் இன்னொருவர், இத்தாலியில் இன்னொருவர் என்று பாதைக்கு ஆளாளுக்கு உரிமையாளர்கள். ஒவ்வொருவருக்கும் தனி விதி, தனி நேர அட்டவணை, தனிக் கட்டணம். கம்பெனிக்காரர் உங்களிடம் சரி என்று சொன்னாலும், பாதைக்காரர் சரி சொல்லும்வரை அது சரி இல்லை.

வேகனில் எழுதியிருக்கும் பெரிய எண்ணை நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

ஐரோப்பிய சரக்கு வேகன் ஒன்றின் பக்கத்தில் போய் நில்லுங்கள். பக்கவாட்டில் பெயிண்டால் போட்ட ஒரு சிறு கட்டம் இருக்கும். மேல் வரிசையில் ஏ, பி, சி, டி. கீழே எஸ் என்று ஒரு வரி (மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது எத்தனை டன் ஏற்றலாம் என்பது), அதில் நாலு எண்கள். பழைய இரும்பு ஏற்றும் நாலு ஆக்சில் (சக்கர ஜோடியை இணைக்கும் அச்சு) திறந்த வேகன், வெறும் எடை 23.5 டன் என்றால் அந்த எண்கள் 40.5, 48.5, 56.5, 66.5. புதிதாக வருபவர் எல்லோருக்கும் கண் நேராகக் கடைசி எண்ணுக்குத்தான் போகும். 66.5 டன் ஏற்றலாம், சரி, 65 ஏற்றினால் பத்திரம்தானே என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்த எழுத்துகள் வேகனைப் பற்றியவை அல்ல, பாதையைப் பற்றியவை. ஏ வகைப் பாதை ஆக்சிலுக்கு 16 டன் தாங்கும், பி 18, சி 20, டி 22.5. நாலு ஆக்சிலால் பெருக்கி வேகனின் எடையைக் கழித்தால் மேலே சொன்ன எண்கள் அப்படியே வரும். முக்கியப் பாதைகள் பெரும்பாலும் டி. ஆனால் உங்கள் சரக்கு இறங்கும் இடம் முக்கியப் பாதையிலா இருக்கிறது?

என் கதையில் இல்லை. கடைசி 14 கிலோமீட்டர் கிளைப்பாதை, சி வகை. இதில் என் புத்திசாலித்தனம் என்னவென்றால், ரயில் கம்பெனிக்குக் கொடுத்த கோரிக்கையில் இறங்குமிடம் என்று ஜங்ஷன் பெயரைப் போட்டேன், கிளைப்பாதைக்குத் தனியாக ஆள் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஜங்ஷன் வரை டி பாதைதான், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரயில் சமர்த்தாக வந்து நின்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு போன். வேகன் பரிசோதகர் கட்டத்தைப் பார்த்திருக்கிறார், தாளைப் பார்த்திருக்கிறார், எஞ்சினை மாட்ட விடவில்லை. வேகனுக்கு 8.5 டன் அதிகம். 22 வேகனுக்கு 187 டன்.

187 டன் பழைய இரும்பை வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? திங்கட்கிழமை வரை கிரேன் கிடைக்கவில்லை, அப்புறம் லாரி, அப்புறம் யார்டில் நின்ற நாளுக்கெல்லாம் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம், வேகன் வாடகை தனி. அந்த ஆர்டரின் லாபம் போய், அடுத்த இரண்டு ஆர்டரின் லாபமும் கூடவே போனது. பரிசோதகர் மீது எனக்குக் கோபமே இல்லை. அவர் ஒருவர்தான் அன்றைக்கு அந்தக் கட்டத்தைப் படித்தவர்.

இன்னொரு நுணுக்கம். டி என்பதோடு முடிவதில்லை, டி2, டி3, டி4 என்று உண்டு. அந்த எண் வேகன் நீளத்தில் மீட்டருக்கு எத்தனை டன் என்பதைச் சொல்கிறது: 2க்கு 6.4, 3க்கு 7.2, 4க்கு 8. நீளமான வேகனுக்கு இது இடிக்காது. எஃகுச் சுருள் ஏற்றும் 12.04 மீட்டர் குட்டை வேகனில் மொத்த எடை 90 டன் என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 7.5 டன் வருகிறது. டி3 பாதையில் அது போகாது. ஆக்சில் கணக்கு சரியாக இருந்தும் போகாது.

செய்ய வேண்டியது ஒன்றுதான், இறக்குமிடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஐரோப்பிய ரயில்வே முகமையின் ரின்ஃப் பதிவேட்டில் ஒவ்வொரு பாதைத் துண்டும் என்ன எடை தாங்கும் என்பதைத் தேடலாம். தொழிற்சாலையின் சொந்த சைடிங்குக்கு (சரக்கு ஏற்றி இறக்கும் பக்கப் பாதை) அதை நம்பி இருக்காதீர்கள். அதன் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள், போனில் வேண்டாம்.

(கட்டத்துக்குப் பக்கத்தில் 120 என்று போட்டு 00.0 என்று இருப்பதைப் பார்த்து, “இந்த வேகனில் ஒன்றுமே ஏற்றக்கூடாதா அண்ணா?” என்று ஒருவர் கேட்டார். காலியாகப் போனால் 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடலாம் என்று அர்த்தம். கேட்டாரே, அதுவே பெரிய விஷயம்.)

ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி இருக்கிறதே என்பது

2017 ஆகஸ்ட் 12, ஜெர்மனியின் ராஸ்டாட். ஓடிக்கொண்டிருக்கும் ரைன் பள்ளத்தாக்குப் பாதைக்கு அடியில் சுரங்கம் தோண்டும்போது மேலே தண்டவாளம் உட்கார்ந்துவிட்டது. அக்டோபர் 2 வரை அந்த வழி அடைப்பு. வரைபடத்தில் பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கமே பிரான்ஸின் பாதை, கையெட்டும் தூரம். ஆனால் அங்கே மின்சாரம் 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜெர்மனியில் 15,000 வோல்ட், 16.7 ஹெர்ட்ஸ். இரண்டிலும் ஓடும், பிரான்ஸில் அனுமதி பெற்ற எஞ்சின் வேண்டும். அது கிடைத்தாலும் பிரெஞ்சு பேசும், அந்தப் பாதையைப் பழகிய ஓட்டுநர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சப் பேர்தான் இருந்தார்கள்.

மாற்றுப்பாதை என்று வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன் எஞ்சின் எது, ஓட்டுநர் யார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அது வெறும் கோடு.

விடுமுறை

அக்டோபர் 23 ஹங்கேரி, 26 ஆஸ்திரியா, 28 செக். மூன்று நாட்காட்டி வாங்குங்கள்.

நீளம்

மற்ற ரயிலுக்கு வழிவிட ஒதுங்கி நிற்கும் பாதைதான் லூப் லைன். வழியில் இருப்பதிலேயே குட்டையான லூப் லைன்தான் உங்கள் ரயிலின் நீளம்.

சரி, தம்பியின் எக்செல். தொழிற்சாலைக்கு எழுதிக் கேட்டார், சி3 என்று பதில் வந்தது. வேகனுக்கு 56 டன் என்று திருத்தி, அதே 1,430 டன்னுக்கு 22 வேகனை 26 ஆக்கி, மறுபடியும் பெருமையாகக் கொண்டுவந்தார். அவர்கள் சைடிங்கில் ஒரே நேரத்தில் எத்தனை வேகன் நிற்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் போய் இன்னொரு மெயில் எழுத ஆரம்பித்தார்.