டியூப் ப்ரீஆம்ப் வாங்கறீங்களா, முதல்ல வோல்டேஜ கேளுங்க

மைக்கோட சின்ன சிக்னல பெருசாக்குற பெட்டிதான் ப்ரீஆம்ப். அது மேல டியூப்னு, அதாவது கண்ணாடிக் குழாய் வால்வுன்னு, போட்டிருக்குங்கறதுக்காக உடனே காச நீட்டிடாதீங்க, உள்ள இருக்க 12ஏஎக்ஸ்7ங்கற மாடல் டியூபோட ப்ளேட்டுக்கு (உள்ள இருக்க தகடு) எவ்ளோ வோல்டேஜ் போகுதுன்னு கேளுங்க, 200, 250 வோல்ட் போனாத்தான் அது முழுசா வேலை செய்யும், விலை கம்மியான பெட்டி பலதுல அந்தளவு போறதே இல்ல, கெயின, அதாவது சிக்னல பெருக்குற வேலைய, பெரும்பாலும் சிப்புதான் செய்யுது.

ஷூர் எஸ்எம்7பி மாதிரி மைக்குக்கு 60 டெசிபலாவது கெயின் வேணும். அவுட்புட் நாப் தனியா இருக்கணும், இன்புட்ட ஏத்தி அவுட்புட்ட இறக்கினாத்தான் அந்த கெட்டியான வார்ம் சவுண்டு வரும், சவுண்ட கம்ப்யூட்டருக்கு அனுப்புற இன்டர்ஃபேஸும் க்ளிப் ஆகாது, அதாவது சவுண்டு உடையாது.

கடையில 20 நிமிஷம் சூடாக விட்டு, ஹெட்போன் மாட்டி, பெட்டியோட மேல்மூடி மேல விரலால லேசா தட்டுங்க. ‘டிங்ங்’னு மணி மாதிரி இழுத்துச்சுன்னா டியூப் சரியில்ல, மாத்தித் தரச் சொல்லுங்க. மூடிய மட்டும் நீங்களே கழட்டாதீங்க, ஆஃப் பண்ணினாலும் உள்ள இருக்க கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், ஷாக் அடிக்கும்.