உகந்தைப் பாறைக்கரையில் உயிர்க்கணக்கு எடுப்பது எப்படி?

இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவில், பாணமை தாண்டினால் உகந்தை. முருகன் கோயில் பக்கத்துப் பாறைகள் கடலுக்குள் இறங்கும் இடம்தான் நமக்கு வேண்டியது. பெருக்கில் மூழ்கி வற்றில் வெளியே வரும் அந்தப் பகுதியில் எது, எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று எழுதி எடுக்கப் போகிறோம்.

நாள் பார்ப்பது முதல் வேலை. அமாவாசை, பறுவத்தை ஒட்டிய நாட்களில் கடல் கூடுதலாக வற்றும். மாரியில் கடல் கொந்தளிக்கும். ஆண்டின் நடுப்பகுதியில் அலைச்சறுக்குக்காரர் தேடி வருவதே பெரிய அலையைத்தான், நமக்கு அது ஆகாது. பங்குனி, சித்திரையே நல்லது.

வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள உயர வித்தியாசம் நம் கடலில் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. பல மீற்றர் ஏறி இறங்கும் கடல்களுக்கு எழுதிய கையேட்டை அப்படியே பின்பற்றினால், மேல்மட்ட ஊரியும் (சிறு கடல் நத்தை) அடிமட்டப் பாசியும் ஒரே கணக்கில் கலந்துவிடும். ஆகவே தூரத்தை விடுங்கள், உயரத்தை அளந்துகொள்ளுங்கள். மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் போதும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே பிடித்தால் இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கடல்நீர் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள், அது அலைக்கு அலை மாறும். பாறையில் ஒரு வெடிப்பை நிலையான புள்ளியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து 20 சென்ரிமீற்றருக்கு ஒரு மட்டமாகக் கீழிறங்குங்கள். அடுத்த வருடமும் அதே புள்ளியைக் கண்டுபிடிக்கலாம். பெயின்ற் பூச வேண்டாம், கோயில் சூழல்.

அப்புறம் எண்ணுவதற்கான சதுரச் சட்டம். பிளாஸ்ரிக் குழாயில் 50 சென்ரிமீற்றர் சதுரம் செய்து, குறுக்கும் நெடுக்குமாக நந்நான்கு நூல் கட்டினால் 25 கட்டம், ஒவ்வொன்றும் 4 சதவீதம். ஒரு மட்டத்துக்கு ஐந்து இடம். இடத்தைச் சீட்டு எடுத்துத் தெரிவு செய்யுங்கள். கண்ணுக்கு விட்டால் அது அழகான இடத்துக்கே போகும்.

நண்டை முதலில், தள்ளி நின்றே எண்ணுங்கள். சட்டம் பாறையில் பட்டதும் ஓடிவிடும். ஊரியைத் தலை எண்ணலாம். பாறையில் ஒட்டியே வாழும் கொட்டலசையும் பாசியையும் கட்டக் கணக்கில் சதவீதமாக எழுதுங்கள். சட்டத்தின் விளிம்பில் கிடப்பவற்றில் மேல், இடப்பக்கத்தில் உள்ளவற்றை மட்டும் சேருங்கள். ஒன்றும் இல்லாத சட்டத்துக்கும் 0 எழுத வேண்டும், பலர் விடுவது இதைத்தான். பெயர் தெரியாததற்குப் படமும் ‘கறுப்பு ஊரி 1’ போல ஒரு பெயரும் போதும்.

கூம்புச் சங்கைக் கையால் தொடாதீர்கள், சில வகைகளின் கொட்டு உயிரையே வாங்கும். புரட்டிய கல்லைப் பழையபடி வையுங்கள். கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்.

வற்று முடிய ஒரு மணிநேரம் இருக்கும்போதே இறங்கி, அடிமட்டத்தை முதலில் முடித்து, பெருக்குக்கு முன்னால் மேலே ஏறி வாருங்கள். பாணமை வழியில் யானை நிற்கும். வற்று பின்னேரத்தில் என்றால், மேல்மட்டத்தை மறுநாளுக்கு வைத்துவிட்டு இருட்ட முன் கிளம்புங்கள்.