இரண்டு சென்ட்டில் வீடு: சுவரில் மிச்சம் பிடியுங்கள், கடைக்காலில் வேண்டாம்

திருப்பூரில் லைன் வீட்டு வாடகை கொடுத்தே சலித்துப்போய், ஊர் ஓரமாக இரண்டு சென்ட் வாங்கிப் போட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மண்ணைப் பாருங்கள். கோவை, திருப்பூர் பக்கம் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும், அதில் கடைக்காலை (அஸ்திவாரத்தை) ஆழம் குறைத்துச் சுருக்கினால் சுவர் விரிசல் விடும். கெட்டி மண் வரும்வரை கடைக்கால் குழியைத் தோண்டுங்கள், இங்கே காசு பார்க்க வேண்டாம்.

மிச்சம் பிடிக்கிற இடம் சுவர். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் நிறையக் கட்டிக் காட்டிய எலிப்பொறிக் கட்டு (ராட் ட்ராப் பாண்ட்) முறையில், செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி நடுவில் பொந்து விடுவார்கள். அதே 9 அங்குலச் சுவர்தான், ஆனால் கல் சுமார் 25 சதவீதம் குறையும், கலவையும் குறையும், பொந்தில் நிற்கும் காற்றால் சூடு சட்டென்று உள்ளே இறங்காது. கடைக்கால் மேல் முதல் வரிசை, ஜன்னலுக்குக் கீழே, கதவு, ஜன்னலுக்கு மேலே லிண்டல் உயரம், கூரை உட்காரும் வரிசை, இவை பொந்தில்லாமல் வர வேண்டும். கரண்ட் பைப் எங்கே போகிறது என்பதை முன்பே குறித்துவிடுங்கள், பிறகு சுவரைக் கொத்தினால் நிறுத்திய கல் உடையும்.

கல் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதால் ஃப்ளை ஆஷ் கல் தோதானது. அனல்மின் நிலையச் சாம்பலில் செய்வது, சூளையில் சுட வேண்டியதில்லை. கோவைக்குப் பக்கத்தில் தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணைத் தோண்டிய குழிகளைப் பார்த்தவன் நான், 2021இல் அந்தச் சூளைகளை மூடினார்கள். அதற்கு அப்புறம் சூளைக் கல் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் மேஸ்திரி, "இது நிக்காதுங்க"ன்னு ஒரே பிடியாக நின்றார். காம்பவுண்டில் 3 அடி உயரத்துக்கு மாதிரி கட்டச் சொன்னேன், கட்டி முடித்து அவரே ஏறி நின்று பார்த்தார், அன்றைக்கே சரி என்றுவிட்டார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கூரைக்கு ஃபில்லர் ஸ்லாப். தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பிதான் இழுவிசையைத் தாங்குகிறது, கான்கிரீட் அங்கே பெரும்பாலும் வெறும் பாரம். அதனால் கம்பிகளுக்கு நடுவே பழைய சீமை ஓடுகளை வைத்து கான்கிரீட் போடலாம். ஓடுகளை முன்பே நன்றாக ஊற வையுங்கள், இல்லாவிட்டால் அவை கான்கிரீட்டின் தண்ணீரைக் குடித்துவிடும். கம்பி இடைவெளியை மட்டும் இன்ஜினியர் கணக்குப் போட்டே தர வேண்டும்.

மழைநீர்த் தொட்டியை விடாதீர்கள். 600 சதுர அடி மாடியில் 10 மி.மீ. பெய்தாலே 550 லிட்டர் விழும். போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வருகிற நம் ஊரில் சமையலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது, முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட்டு வடிகட்டிப் பிடியுங்கள்.