த்ரீ நாட் த்ரீயும் அதன் உறவுகளும்: கையாள்வதில், சுடுவதில், பேசுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலீஸ் காவல் பணியிலோ என்.சி.சி. முகாமிலோ .303 லீ என்ஃபீல்ட் ரைஃபிளைத் தொட்டுப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அதைப் பற்றிச் சளைக்காமல் பேசுபவர்களும் உண்டு. பேச்சில் வரும் பிழைகளால் பெரிய நஷ்டமில்லை. கையாளும்போது வரும் பிழைகள் கண்ணையும் விரலையும் காவு வாங்கக்கூடியவை. இரண்டுமே பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. போல்ட் (குழலின் பின்வாயை மூடித் திறக்கும் தண்டு), தோட்டா, குழல், மரம், சைட் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்டவை என்பதை மறந்துவிட்டு, ஏதோ ஒன்றைத் தனியாக எடுத்துப் பார்க்கிறோம்.

இந்த ரைஃபிள் பிறந்த கதையிலேயே அதற்கான பாடம் இருக்கிறது. 1888இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது லீ மெட்ஃபோர்ட். போல்ட்டும் மேகஸினும் ஜேம்ஸ் பாரிஸ் லீயின் வடிவமைப்பு. குழலுக்குள் ஓடும் வரிகள் மெட்ஃபோர்டுடையவை. ஆழம் குறைந்த, விளிம்பு மழுங்கிய அந்த வரிகளில் கருமருந்தின் கசடு அதிகம் தங்காது. சில ஆண்டுகளில் கருமருந்தின் இடத்துக்குப் புகையில்லா மருந்தான கார்டைட் வந்தது. அதன் சூட்டில் அந்த வரிகள் வெகு சீக்கிரம் தேய்ந்துபோயின. என்ஃபீல்ட் ஆயுதச் சாலையில் ஆழமான, விளிம்பு கூரான ஐந்து வரிகளை வெட்டினார்கள். 1895இல் லீ என்ஃபீல்ட் வந்தது. போல்ட் அதே லீ போல்ட்தான். மருந்து மாறியதால் குழலே மாற வேண்டியிருந்தது.

அதிகம் காதில் விழும் தவறான தீர்ப்பு ஒன்று: "மவுசர்தான் உறுதி, லீ என்ஃபீல்ட் பலவீனம்." 1898ஆம் ஆண்டின் ஜெர்மானிய மவுசரில் போல்ட்டைப் பூட்டும் இரண்டு காதுகள் முன்பக்கம், தோட்டாவின் பின்புறத்தை ஒட்டியே இருக்கின்றன. பின்னால் மூன்றாவதாக ஒரு பாதுகாப்புக் காதும் உண்டு. லீ போல்ட்டில் பூட்டும் காதுகள் பின்பக்கம். சுடும்போது போல்ட்டும் அதைத் தாங்கும் உடலும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதனால் கிடைத்த லாபத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். லீ போல்ட்டைச் சுமார் 60 டிகிரி தூக்கினால் போதும். மவுசருக்கு 90 டிகிரி வேண்டும். பின்னால் இழுக்க வேண்டிய தூரமும் லீயில் குறைவு. போல்ட்டை முன்னால் தள்ளி மூடும்போதுதான் ஊசி பின்வாங்கித் தயாராகிறது என்பதால் திறக்கும்போது கை லேசாகப் போகும். எந்த ரைஃபிளையும் அதற்கென்று வகுத்த தோட்டாவின் அழுத்தத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும். .303இன் அழுத்தத்துக்கு லீயின் உடல் போதுமானது.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் தவறுக்கு வருகிறேன்: போல்ட்டை மாற்றிப் போடுவது. நாலைந்து ரைஃபிள்களைக் கழற்றி ஒரே மேசையில் துடைக்கும்போது இது மிகச் சாதாரணமாக நடக்கும். எல்லா போல்ட்டும் எல்லா உடலிலும் நுழையும், மூடும், டிரிக்கரை இழுத்தால் 'டக்' என்று அடிக்கவும் செய்யும். ஆகவே சரியாக இருக்கிறது என்று தோன்றும். போல்ட் கைப்பிடியின் பின்பக்கம் பொறித்த எண்ணும் உடலில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் போட வேண்டும். .303 தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரிம், குழலின் பின்முகத்துக்கும் போல்ட்டின் தலைக்கும் நடுவே உட்கார்கிறது. அந்த இடைவெளிக்கு ராணுவம் வைத்த அளவு 0.064 அங்குலத்திலிருந்து 0.074 அங்குலம் வரை. இந்த இடைவெளியைச் சரிசெய்யத்தான் லீ போல்ட்டின் தலை தனியாகத் திருகிப் பூட்டும்படி இருக்கிறது. லீ என்ஃபீல்டின் பிந்தைய வடிவமான நம்பர் 4 ரைஃபிளுக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்டு, படிப்படியாக நீளம் கூடும் தலைகளையே செய்து வைத்திருந்தார்கள். வேறொரு ரைஃபிளின் போல்ட்டைப் போட்டால் இந்தக் கணக்கு மொத்தமும் போயிற்று.

இடைவெளி கூடிவிட்டதா என்பதைச் சுட்ட தோட்டாவின் பித்தளை ஓடே காட்டிக்கொடுக்கும். அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் உருட்டுங்கள். ரிம்முக்குச் சற்று மேலே, பித்தளையைச் சுற்றி மெல்லிய பளபளப்பான வளையம் தெரிந்தால் அந்த இடத்தில் உலோகம் இழுபட்டு மெலிந்திருக்கிறது. ஒரு கம்பியின் நுனியை வளைத்து ஓட்டுக்குள் விட்டு, உள்சுவரை மேலிருந்து கீழாக வருடிப் பார்த்தால் அங்கே ஒரு பள்ளம் தட்டுப்படும். அந்த ரைஃபிளில் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) காட்டுங்கள். பள்ளம் முற்றினால் ஓடு இரண்டாக அறுந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

கனடாவின் ராஸ் ரைஃபிள் இதே விஷயத்துக்கு இன்னும் கொடுமையான உதாரணம். திருப்பாமல் நேராக இழுத்துத் தள்ளும் போல்ட் அது. அதன் மார்க் 3 போல்ட்டைக் கழற்றித் தவறாகக் கோர்த்தாலும் ரைஃபிளுக்குள் நுழைந்துவிடும், மூடியதுபோலவும் தோன்றும், ஆனால் பூட்டியிருக்காது. சுட்டால் போல்ட் பின்னால் பாயும். 1915இல் ஈப்ர் போர்முனையின் சேற்றில் அது அடிக்கடி சிக்கிக்கொண்டு வீரர்களை நிர்க்கதியாக்கியதும், 1916இல் கனடியப் படை லீ என்ஃபீல்டுக்கு மாறியதும் வரலாறு. இதை வைத்து 'ராஸ் மட்டமான துப்பாக்கி' என்பவர்களும் தவறுகிறார்கள். சுத்தமான சுடுதளத்தில் அது அருமையாகக் குறிவைக்கும். குறிசூடு வீரர்கள் சிலர் அதைக் கைவிட மறுத்தார்கள்.

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903ஐ வைத்திருப்பவர்கள் வரிசை எண்ணைப் பார்க்காமல் சுடக்கூடாது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலையில் 8,00,000க்குக் கீழ் எண் பெற்றவற்றில், எஃகைக் காய்ச்சும் பதத்தைத் தொழிலாளர்கள் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். வெயில் நாளில் ஒரு பதம், மேகமூட்ட நாளில் இன்னொன்று. பதம் மிஞ்சிய உடல்கள் சில, கண்ணாடிபோல நொறுங்கின.

சுடும்போது

புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலோர் போல்ட்டைப் பயந்து பயந்து இயக்குகிறார்கள். பாதி இழுத்து முன்னால் தள்ளினால், சுட்ட ஓடு வெளியே விழாமல் வாயிலேயே நிற்கும், அல்லது அடுத்த தோட்டா மேலே ஏறாமல் வெறும் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) மூடும். லீயில் தோட்டாவை முன்னால் தள்ளிவிட்டு போல்ட்டை முழுக்க மூடாமல் மறுபடி இழுப்பது இன்னும் மோசம்: ஒரு தோட்டா சேம்பரில் இருக்கும்போதே இன்னொன்று அதன் முதுகில் முட்டி நிற்கலாம். கடைசிவரை இழுங்கள், கடைசிவரை தள்ளுங்கள், தயங்காமல். ஒவ்வொரு சூட்டுக்கும் ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்குவதும் வேண்டாத பழக்கம். பட் (தோளில் பதியும் பின்மரம்) தோளிலேயே இருக்கட்டும், கன்னம் மரத்திலேயே இருக்கட்டும், கை மட்டும் வேலை செய்யட்டும். லீ போல்ட்டை இப்படி இயக்கத்தான் வடிவமைத்தார்கள்.

தோட்டா நிரப்புவதில் ரிம்தான் வில்லன். ஒவ்வொன்றாகப் போடும்போது மேலே வைக்கும் தோட்டாவின் ரிம், கீழே உள்ளதன் ரிம்முக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால், போல்ட் மேல் தோட்டாவைத் தள்ளும்போது இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் நகராது. அவசரத்தில் போல்ட்டை அறைந்து மூடப் பார்ப்பவர்கள் தோட்டாவைத்தான் கெடுக்கிறார்கள். மேகஸின் கழன்று வருகிறதே என்று இரண்டு மூன்று மேகஸின்களை நிரப்பி வைத்து மாற்றிச் சுடும் எண்ணமும் வேண்டாம். அது துடைப்பதற்காகக் கழற்றுவது. ஐந்து தோட்டா கொண்ட இரண்டு சார்ஜர் கிளிப்புகளை மேலிருந்து அழுத்தி நிரப்புவதே முறை. ஆரம்பகால லீ என்ஃபீல்டுகளில் மேகஸின் தொலையாமலிருக்க ரைஃபிளோடு சங்கிலி வளையத்தால் பிணைத்தே கொடுத்தார்கள்.

தோட்டா விஷயத்தில் பெயரை நம்பி ஏமாறாதீர்கள். .303 குண்டின் உண்மையான விட்டம் சுமார் .311 அங்குலம். ஜெர்மானிய 8 மி.மீ. மவுசரில் இரண்டு வகை உண்டு: பழையதன் குண்டு .318, 1900களின் தொடக்கத்தில் வந்ததன் குண்டு .323. பழைய குழலில் புதிய தோட்டாவைச் சுடுவது ஆபத்து. நம் நாட்டு இஷாப்பூர் ரைஃபிள்களிலும் இதே குழப்பம். 1962 சீனப் போருக்குப் பின் வந்த இஷாப்பூர் 2ஏ, பழைய .303இன் குழலை மாற்றி ஒப்பேற்றியது என்று பலர் எழுதுகிறார்கள். அது 7.62 நேட்டோ தோட்டாவுக்காக மேலான எஃகில் புதிதாகச் செய்தது. மேகஸினில் 12 தோட்டா. பின்னால் வந்த 2ஏ1இல் சைட் அளவை 2,000இலிருந்து 800 மீட்டராகக் குறைத்தார்கள். ஆகவே 2ஏ தாங்குகிறதே என்று பழைய எஸ்.எம்.எல்.இ.யில் (குட்டையாக்கிய .303 லீ என்ஃபீல்டில்) 7.62 குழலைப் பொருத்திச் சுடத் துணிய வேண்டாம். பிரிட்டிஷ் ஆட்சியில் போலீசுக்கும் காவலர்களுக்கும் கொடுத்த .410 மஸ்கெட், வெளித்தோற்றத்தில் அச்சு அசல் .303 போலவே இருக்கும். உள்ளே வரியில்லாக் குழல், மேகஸின் இருக்க வேண்டிய இடத்தில் மரக்கட்டை. உடலில் 'டி.பி.' என்று பொறித்த ரைஃபிள் கவாத்துக்கு மட்டுமே. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதில் தோட்டா ஏற்றக்கூடாது.

சுட்ட பிறகு

பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் (ஊசி அடித்ததும் முதலில் பற்றும் பகுதியில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் குழலில் அது உப்பாகப் படிகிறது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒரே இரவில் துருவைக் கிளப்பும், அதிலும் நம் கடற்கரை ஊர்களின் காற்றில் கேட்கவே வேண்டாம். எண்ணெய் பூசிவிட்டோமே என்று நிம்மதியாகத் தூங்குவதுதான் தவறு. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். முதலில் கொதிக்கும் தண்ணீரைக் குழல் வழியே ஊற்றிக் கழுவ வேண்டும். பிரிட்டிஷ் படையில் அதற்கென்றே புனல் வைத்திருந்தார்கள். பிறகு புல் த்ரூவில் (குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிற்றில்) காய்ந்த சிந்தித் துணியைக் கோர்த்து ஈரம் போக இழுத்து, அதற்கப்புறம்தான் எண்ணெய். போல்ட்டின் முகத்தையும் மறக்கக்கூடாது. அங்கேயும் அதே உப்புதான்.

மரத்தைத் தேய்த்து வார்னிஷ் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எஸ்.எம்.எல்.இ.யின் குறி பாதி மரத்தில் இருக்கிறது. முன்மரத்தின் பின்கோடியில் இரண்டு சிறு பரப்புகள் உடலோடு இறுக ஒட்டி உதைப்பைத் தாங்குகின்றன. அங்கே மரம் தேய்ந்தால் குண்டுகள் சிதறும். பட் ஆடுகிறது என்று பின்னால் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, பட்டை உடலோடு பிணைக்கும் நீண்ட திருகாணியைத் திருகுவது அதைவிடப் பெரிய பிழை. அந்தத் திருகாணியின் சதுர முனை முன்மரத்திலுள்ள தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. முன்மரத்தைக் கழற்றாமல் திருகினால் மரம் பிளந்துவிடும். நூறு ஆண்டு தாங்கிய மரம் ஒரு திருகில் போய்விடுகிறது.

குறி தப்பினால் சைட்டைக் குறை சொல்வதற்கு முன், அந்த ரைஃபிளை எப்படிக் குறிபார்த்துச் சரிசெய்தார்கள் என்று பாருங்கள். ரஷ்ய மோசின் நாகந்தைப் பயனெட் மாட்டியே சரிசெய்தார்கள். அதைக் கழற்றிவிட்டுச் சுட்டால் குண்டு வேறு இடத்தில் போகும். சைட்டில் 2,000 கெஜம்வரை எண் இருப்பதைப் பார்த்து, ஒரு வீரன் அவ்வளவு தூரத்தில் ஒரு மனிதனைக் குறிவைத்தான் என்று நினைப்பதும் பிழை. தொலைவில் தெரியும் கூட்டத்தின் மேல் ஒரு பிரிவே சேர்ந்து சுடுவதற்கான எண்கள் அவை. 'மேட் மினிட்' என்ற ஒரு நிமிட வேகச் சூட்டுப் பயிற்சி பற்றிய கதைகளையும் அளந்தே கேளுங்கள். 1914க்கு முந்தைய பயிற்சியில் கேட்டது, 300 கெஜத்தில் ஒரு நிமிடத்தில் குறிபார்த்த 15 சூடு. அதுவே பெரிய காரியம். அதற்குமேல் சொல்லும் சாதனை எண்கள் பல, வாய்வழியாக வளர்ந்தவை.

கடைசியாக, பழைய தோட்டாவோடு சுடுதளத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க. டிரிக்கரை இழுத்தீர்கள், ஊசி அடித்தது, சத்தமில்லை. உடனே போல்ட்டைத் தூக்க வேண்டாம். மருந்து மெதுவாகப் பற்றிக்கொண்டிருக்கலாம். பல பத்தாண்டு பழைய கார்டைட் தோட்டாக்களில் 'டக்' சத்தத்துக்கும் வெடிப்புக்கும் நடுவே இடைவெளி விழுவது உண்டு. திறந்த போல்ட்டில் அது வெடித்தால் பித்தளை கிழிந்து கையிலும் முகத்திலும் பாயும். குழல் குறிப்பலகையை நோக்கியே இருக்கட்டும். குறைந்தது 30 வினாடி காத்திருங்கள். சுடுதள அதிகாரி அதற்குமேல் சொன்னால் அதுவரை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போல்ட்டைத் திறந்து, வெளியே வந்த தோட்டாவைத் தனியாக வையுங்கள். அதே தோட்டாவை மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டாம்.