‘ஓ மாஞும் மிஸ்தேரியும்’: ஆல்ட்டோ பாடும் அந்த ஒரே ஒரு ஸ்வரம்

மார்ட்டன் லாரிட்சன் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் ‘ஓ மாஞும் மிஸ்தேரியும்’ (‘ஓ, மாபெரும் மறைபொருளே’) என்ற இந்த லத்தீன் கிறிஸ்துமஸ் பாடல் என்றால் எனக்கு உயிர். வாத்தியம் எதுவும் கிடையாது. சோப்ரானோ (பெண்களின் மேல் குரல்), ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க் குரல்), டெனர் (ஆண்களின் மேல் குரல்), பேஸ் (ஆண்களின் கீழ்க் குரல்) மட்டும். 1994 டிசம்பரில் பால் சலமுனோவிச் நடத்த, லாஸ் ஏஞ்சல்ஸ் மாஸ்டர் கொரால் என்ற பாடகர் குழு இதை முதன்முதலில் பாடியது. கேட்கும்போது எளிதாகத் தெரியும், பாடும்போது அப்படி இல்லை. புதிதாகப் பாட வருகிறவர்கள் இந்த வரிசையில் பழகிப் பாருங்கள்.

1. முதலில் சொற்கள். லத்தீனில் ‘மாக்நும்’ என்று உடைத்துச் சொல்லாதீர்கள். தேவாலய உச்சரிப்பு ‘மாஞும்’. நம்முடைய ‘ஞ’வேதான், நாக்குக்குப் புதிதில்லை. ‘கூயுஸ்’, ‘ப்ரேசேபியோ’ இரண்டையும் பாடாமல், தாளத்தோடு பேசிப் பழகுங்கள். முன்னணையில் கிடக்கும் ஆண்டவரை மிருகங்கள் பார்க்கின்றன. அந்த வியப்புதான் பாடலின் பொருள். சொல்லும்போதே அது குரலில் வரவேண்டும்.

2. அப்புறம் சுருதி. கீபோர்டில் ‘டி’யை ‘ஸ’வாக வைத்துக்கொள்ளுங்கள். சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் கிடைத்துவிடும். ஆரம்பத்தில் பேஸ் குரல் நிற்பது ‘ஸ’வில் இல்லை, ‘க’வில், அதாவது எஃப் ஷார்ப்பில். கால் தரையில் படாமல் மிதப்பது போன்ற உணர்வு அதனால்தான் வருகிறது. பேஸ் பாடுகிறவர்களுக்குக் கீழே ‘ஸ’வுக்கு இறங்கிவிடக் கை கால் பரபரக்கும். இறங்கக் கூடாது.

3. இனி அந்த ஸ்வரம். ‘பெயாதா வீர்கோ’ என்று மரியாளைப் பாடும் இடத்தில், ‘வீர்’ என்ற அசையில் ஆல்ட்டோ ஜி ஷார்ப் பாடும். நம் கணக்கில் பிரதி மத்யமம், அதாவது ‘ம’வின் மேல் வடிவம். டி மேஜருக்கு, அதாவது ‘டி’யை ‘ஸ’வாக வைத்த அந்த ஸ்வர வரிசைக்கு, அந்நியமாக முழுப் பாடலிலும் வரும் ஸ்வரம் இது ஒன்றுதான். மரியாளின் துயரம் அதில் இருக்கிறது. லாரிட்சனுக்கு இந்தப் பாடலைத் தூண்டியது சுர்பரான் என்ற ஸ்பானிய ஓவியர் 1633இல் வரைந்த ஓவியம்: இருட்டின் முன் எலுமிச்சை, ஆரஞ்சு, ஒரு கோப்பை நீர், பக்கத்தில் ஒற்றை ரோஜா. பாசதேனாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை ஒரு முறை பார்த்துவிட்டுப் பாடுங்கள்.

பயிற்சி இப்படி. ஒருவர் ‘ஸ’ பிடிக்கட்டும். நீங்கள் ப, பிரதி ம, ப என்று மெதுவாகப் போய் வாருங்கள். பிறகு பிரதி மத்யமத்திலேயே நில்லுங்கள். இரண்டு குரலும் உரசும், காது கூசும். எங்கள் குழுவில் ஆல்ட்டோக்கள் அந்தக் கூச்சத்துக்குப் பயந்து சுத்த மத்யமத்துக்கே (‘ம’வின் கீழ் வடிவம்) சரிந்துகொண்டிருந்தார்கள். தினம் ஐந்து நிமிடம் இதை மட்டும் செய்ததில், இரண்டே வாரத்தில் அந்தச் சரிவு நின்றது.

4. நாலு குரலும் சேரும்போது மூச்சைக் கவனியுங்கள். வரி நீளம், வேகம் குறைவு. பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்கும்போது நீங்கள் எடுக்காதீர்கள். ஸ்கோரில் (பாடலின் இசைக்குறிப்புத் தாளில்) உங்கள் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ‘வீர்கோ’வுக்கு நடுவில் மட்டும் ஆல்ட்டோ யாரும் மூச்சு விடக் கூடாது.