ஒரு பேண்ட் பேமஸ் ஆகறதுக்கு முன்னாடி வந்த பங்க் ராக் ஆல்பத்துக்கு ரிவ்யூ எழுதணுமா?

கிரீன் டேங்கற அமெரிக்க பேண்டோட கெர்பிளங்க் ஆல்பத்தையே எடுத்துக்கோங்க. 1994ல டூக்கி ஆல்பம் வந்து இவங்கள உலகமே தெரிஞ்சுக்கிட்டதுக்கு முந்தின ஆல்பம் இது, லுக்அவுட்னு ஒரு சின்ன கம்பெனி ரிலீஸ் பண்ணுனது. ஆனா எழுத உட்காரும்போது டூக்கிய கொஞ்ச நேரம் மறந்துடுங்க, பின்னாடி பெரிய ஆளாயிட்டாங்கன்னு தெரிஞ்சு கேட்டா எல்லாப் பாட்டுமே நல்லாருக்கற மாதிரிதான் தோணும்.

மொதல்ல ஒழுங்கா கேளுங்க. சேலத்துல இருந்து ஏற்காடு போற பஸ்ல, 20 கொண்டை ஊசி வளைவுலயும் எஞ்சின் உறுமிட்டே ஏறும், அதுல கேட்டா பேஸ் கிதார் காதுலயே விழாது, அத மைக் டர்ன்ட் வாசிக்கறத கேக்காம இந்த ஆல்பத்த பத்தி எழுதவே கூடாதுங்க. மேல போய் சேர்ந்து அமைதியா ஒரு எடத்துல உக்காந்து நல்ல ஹெட்போன்ல கேளுங்க.

அப்புறம் வெல்கம் டு பாரடைஸ். இந்தப் பாட்டு கெர்பிளங்க்லயும் இருக்கு, டூக்கிக்காக திரும்பவும் ரெக்கார்ட் பண்ணிருக்காங்க, ரெண்டையும் அடுத்தடுத்து போடுங்க. பழசுல கிதார் சத்தம் மெலிசா கரகரன்னு இருக்கும், புதுசுல ராப் கவல்லோ புரொடக்‌ஷன்ல அதே ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிதார் துண்டு) கனமா வந்து விழும், நடுவுல பாட்டு நின்னு வெறும் வாத்தியம் மட்டும் ஓடுற எடத்துல வித்தியாசம் நல்லாவே தெரியும். எனக்கு பழசுதான் உசுரு. உங்களுக்கு எதுன்னு காரணத்தோட எழுதுங்க, சும்மா "ரா சவுண்ட்"னு முடிச்சுடாதீங்க.

டிரம்மர் மாறுனதையும் சொல்லணும். 1990ல வந்த 39/ஸ்மூத் ஆல்பத்துல ஜான் கிஃப்மேயர், கெர்பிளங்க்ல ட்ரே கூல். சுமாரான பாட்டு இருந்தா சுமார்னே எழுதுங்க.