பிளக்-இன் ஹைபிரிட் கார்: யாழ்ப்பாணத்துக் குடும்பம் பார்த்து வாங்குவதும் வைத்து ஓடுவதும்

அக்குவா, வெசெல், பிரியஸ் எல்லாம் எங்கள் ஊர் வீதிகளுக்குப் பழகிவிட்டன. இவை சாதாரண ஹைபிரிட் கார்கள். பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் இவற்றின் சின்னப் பற்றரி தானாகச் சார்ஜ் ஆகும். ஆனால் கார் ஓடுகிற சக்தி முழுவதும் கடைசியில் பெற்றோல் தாங்கியிலிருந்துதான் வருகிறது. பிளக்-இன் ஹைபிரிட்டில் பற்றரி பல மடங்கு பெரியது. அதை வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் போடலாம். முதல் 30, 40 கிலோமீற்றர் வரை எஞ்சின் பெரும்பாலும் வேலை செய்யாது. அதற்குப் பிறகு வழக்கமான ஹைபிரிட் போல ஓடும். அடையாளம் காண்பது சுலபம்: காரின் உடலில் இரண்டு மூடிகள் இருக்கும், ஒன்று பெற்றோலுக்கு, மற்றது பிளக்குக்கு.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ-40 காரை ஓட்டிய ஊர் இது. 2022இல் கியூஆர் கோட்டோடு பெற்றோல் செட்டில் வரிசை நின்றதும் எல்லோருக்கும் தெரியும். ஒரு வழி அடைபட்டால் மற்ற வழியால் ஓடலாம் என்பது இங்கே பலரை இந்தக் காரின் பக்கம் இழுக்கிறது. அது நியாயமான காரணம்தான். ஆனால் எல்லா வீட்டுக்கும் இந்தக் கார் பொருந்தாது. அதனால் கார் விளம்பரத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் உங்கள் ஓட்டத்தையும், அடுத்து வீட்டு வயரிங்கையும் பார்க்க வேண்டும்.

படி 1: ஒரு கிழமை ஓட்டத்தை எழுதுங்கள்

ஒரு கொப்பியை இப்போதுள்ள வாகனத்திலேயே வையுங்கள். காலையில் வெளிக்கிடும்போது மீற்றரில் உள்ள எண்ணையும், இரவு வந்து நிறுத்தும்போது உள்ள எண்ணையும் எழுதுங்கள். ஒரு கிழமைக்கு எழுதினால் போதும்.

சுன்னாகத்தில் வீடு, பிள்ளைகளுக்கு யாழ் நகரில் பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழி சுமார் 10 கிலோமீற்றர். காலையில் கொண்டுபோய் விட்டு வந்து, பின்னேரம் ரியூசனுக்கு ஒருமுறை ஏற்றி இறக்கினால் 40 கிலோமீற்றரை எட்டிவிடும். நடுவில் மதியம் வீட்டில் சார்ஜ் போட முடிந்தால் முழுவதும் மின்சாரத்திலேயே முடியும். பருத்தித்துறையிலிருந்து தினமும் நகருக்கு வேலைக்கு வருபவர் போய்வர 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறார். வேலையிடத்தில் பிளக் இல்லாவிட்டால் அவருக்குத் திரும்பும் வழியில் பாதிக்கு மேல் பெற்றோல்தான்.

எழுதிப் பார்த்தால் நாளாந்த ஓட்டம் 40க்குள் நிற்கிறது, வருடத்தில் சில தடவை கொழும்புக்கும் போகிறீர்கள் என்று வந்தால் இந்தக் கார் உங்களுக்கானது. கிழமைக்கு ஒரு தடவை கொழும்பு ஓட்டம் உள்ளவருக்குச் சாதாரண ஹைபிரிட் போதும். அந்த 400 கிலோமீற்றரில் பிளக்கின் பங்கு மிகச் சிறியது, பெரிய பற்றரியின் பாரத்தை மட்டும் வழி முழுக்கச் சுமக்க வேண்டும்.

படி 2: கார் வருமுன் வீட்டு வயரிங்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். நான் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

சாதாரண 13 அம்பியர் பிளக் பொயின்றில் பெரும்பாலான சார்ஜ் வயர்கள் 10 அம்பியர் அளவில் இழுக்கும். 230 வோல்ற்றில் அது 2.3 கிலோவாற். கேத்தலும் இதேயளவு இழுக்கும், ஆனால் அது சில நிமிடத்தில் நின்றுவிடும். கார் 5 மணித்தியாலம் இடைவிடாமல் இழுக்கும். பழைய நாற்சார் வீட்டில் எப்போதோ இழுத்த வயரும், தளர்ந்துபோன பிளக் பொயின்றும் அவ்வளவு நேரம் தாங்காது. முதலில் பிளக் சூடாகும், பிறகு பிளாஸ்ரிக் உருகும், அதற்கு மேல் தீப்பிடிக்கும். எக்ஸ்ரென்சன் வயரில் காரைச் சார்ஜ் போடவே வேண்டாம், ஒரு நாளைக்கென்றாலும்.

எலக்ரீசியனைக் கூப்பிட்டு இப்படிக் கேளுங்கள்: "அண்ணை, கார் சார்ஜ் போட மெயின் போட்டிலிருந்து தனி லைன் இழுக்க வேணும். அதுக்கெண்டு தனி பிரேக்கரும் ட்ரிப் சுவிச்சும் வேணும். ஏர்த்தையும் மீற்றர் வைச்சு அளந்து சொல்லுங்கோ."

ஏர்த்தை அளக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடாநாட்டில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக் கல் வந்துவிடும். ஏர்த் கம்பி ஆழமாக இறங்காது. பங்குனி, சித்திரை வெயிலில் மேல்மண்ணும் காய்ந்துவிட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்குவதற்கான தடை கூடும். மாரியில் சரியாக இருந்த ஏர்த் கோடையில் போதாமல் போகலாம். பல சார்ஜ் வயர்களில் உள்ள பெட்டி, ஏர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சார்ஜ் ஏற்ற மறுக்கும். அப்படி மறுத்தால் காரைக் குறை சொல்லாமல் ஏர்த்தைத் திருத்துங்கள். ஏர்த் வயரைக் கழற்றிவிட்டோ வேறு குறுக்கு வழியிலோ ஏமாற்றப் பார்க்காதீர்கள், ஈரக் கையோடு காரைத் தொடப்போவது உங்கள் பிள்ளைதான்.

ஜப்பானிலிருந்து வந்த கார் என்றால் சார்ஜ் வயரின் பெட்டியில் என்ன வோல்ற் அச்சடித்திருக்கிறது என்று வாசியுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ற், தனி இணைப்பு எடுத்தால் 200. 100 மட்டும் என்று எழுதியிருந்தால் அந்த வயரை எங்கள் மின்சாரத்தில் குத்தவே கூடாது. எங்கள் 230 வோல்ற்றுக்குரிய வயர் வேறு வாங்க வேண்டும். சில கார்களுக்குள் பொருட்கள் பாவிக்க ஒரு பிளக் பொயின்ற் இருக்கும். ஜப்பான் காரில் அதுவும் 100 வோல்ற்தான், எங்கள் மின்விசிறி அதில் சரியாக ஓடாது.

வாடகை வீடா? முற்றத்தில் காரை விட இடமில்லையா? வீதியில்தான் நிறுத்துகிறீர்களா? அப்படியானால் இங்கேயே நிறுத்தி, சாதாரண ஹைபிரிட்டைப் பாருங்கள். சார்ஜ் போடாத பிளக்-இன் ஹைபிரிட் பாரம் கூடிய ஒரு பெற்றோல் கார்தான்.

படி 3: கணக்கு

மாதம் 900 கிலோமீற்றர் ஓட்டம், பெற்றோல் லீற்றர் 300 ரூபா, மின்சாரம் யூனிற் 60 ரூபா என்று வைத்துப் பார்ப்போம். நீங்கள் கணக்குப் பார்க்கும் நாளின் விலையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் காருக்கு 75 லீற்றர், 22,500 ரூபா. லீற்றருக்கு 20 ஓடும் சாதாரண ஹைபிரிட்டுக்கு 45 லீற்றர், 13,500 ரூபா. அவுட்லாண்டர் போன்ற பெரிய பிளக்-இன், சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிற்றுக்கு 4 கிலோமீற்றர் ஓடினால் 225 யூனிற், அதுவும் 13,500 ரூபா. பிரியஸ் பிளக்-இன் போன்ற இலகுவானது யூனிற்றுக்கு 6 ஓடினால் 150 யூனிற், 9,000 ரூபா.

ஆக, மின்சாரம் யூனிற் 60 ரூபா என்றால் பெரிய பிளக்-இன்னும் சின்ன சாதாரண ஹைபிரிட்டும் ஒரே செலவில் நிற்கின்றன. எங்கள் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 180 யூனிற்றைத் தாண்டினால் ஆகக்கூடிய படி. வீட்டுப் பாவனைக்கு மேல் கார் சேர்வதால், கார் எடுக்கும் யூனிற்றுகள் பெரும்பாலும் அந்த மேற்படி விலையில்தான் விழும்.

இதைக் குறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும் முறை. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு; மாலை 6.30 முதல் 10.30 வரை மிக அதிகம். உங்கள் இணைப்புக்கு இது கிடைக்குமா என்று உங்கள் பிரதேச மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். கிடைத்தால் காரிலுள்ள ரைமரை 10.30க்குப் பிறகு ஆரம்பிக்கும்படி வைத்தால் போதும்.

மற்றது கூரையில் சோலார். என் அபிப்பிராயத்தில் யாழ்ப்பாணத்தில் இந்தக் காருக்கு உண்மையான துணை இதுதான். நெற் மீற்றரிங் அல்லது நெற் அக்கவுண்ரிங் முறை என்றால் பகலில் அனுப்பிய யூனிற் உங்கள் பாவனையில் கழியும், ஆகவே காரை இரவில் ஏற்றினாலும் நட்டமில்லை. நெற் பிளஸ் முறையில் சோலார் மின்சாரம் முழுவதையும் விற்றுவிடுவீர்கள், பாவிப்பதற்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். அதில் காருக்கு நேரடி இலாபம் இல்லை. வீட்டு ஒப்பந்தம் எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை எடுத்துப் பாருங்கள்.

படி 4: எந்தக் கார்

தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் பாவித்த கார்ச் சந்தையில் அந்த இடைவெளிக்கு முந்திய கார்கள் நிறைய. அவற்றின் பற்றரியும் அதே வயதுதான்.

மிற்சுபிசி அவுட்லாண்டர் 2013இல் வந்தது. 12 கிலோவாற்-மணி (ஒரு கிலோவாற்-மணி என்பது ஒரு யூனிற்) பற்றரி, 2 லீற்றர் எஞ்சின், முன்னும் பின்னும் ஒவ்வொரு மோட்டர். பிறகு வந்ததில் 13.8 கிலோவாற்-மணியும் 2.4 லீற்றர் எஞ்சினும். அப்பா, அம்மா, பிள்ளைகள், அப்பம்மா எல்லோரும் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் வைக்கலாம். ஏசியோடு ஊருக்குள் 35 கிலோமீற்றர் எதிர்பாருங்கள்.

ரொயோட்டா பிரியஸ் பிளக்-இன்னில் 2017இல் வந்த வடிவத்துக்கு 8.8 கிலோவாற்-மணி. செலவில் ஆகச் சிக்கனம். ஆனால் ஜப்பானில் 2019 மே வரை விற்றது நான்கு பேருக்கு மட்டுமான கார், பின்னால் நடு இருக்கை கிடையாது. ஐந்து பேர் உள்ள குடும்பம் இதைப் பார்க்காமல் முற்பணம் கொடுத்துவிடக் கூடாது.

புதிதாக வாங்க வசதியிருந்தால் பிவைடி சீலயன் 6 போன்றவை உண்டு. அதன் ஆரம்ப வடிவத்தின் பற்றரி 18.3 கிலோவாற்-மணி, இரும்புப் பொஸ்பேற் வகை. வெப்பத்தைத் தாங்குவதில் இந்த வகை நல்லது.

படி 5: பாவித்த காரைப் பார்க்கும் நாள்

விற்பவரிடம் முதல்நாளே சொல்லி, காரை முழுக்கச் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். சார்ஜ் போடுவதை உங்கள் கண்ணால் பார்ப்பது இன்னும் நல்லது. வயர் இல்லை என்று சொன்னால் அந்த விலையையும் கழிக்க வேண்டும். பிறகு ஏசியைப் போட்டு, எஞ்சின் தானாக எழும்பும் வரை மெதுவாக ஓட்டுங்கள். எத்தனை கிலோமீற்றர் வந்தது என்பதுதான் பற்றரியின் உண்மையான சான்றிதழ். திரையில் காட்டும் மதிப்பீட்டை நம்ப வேண்டாம்.

அவுட்லாண்டருக்கு ஓபிடி கருவியை (காரின் கணினியை வாசிக்கும் சின்னக் கருவி) குத்தி போனில் பற்றரிக் கொள்ளளவைப் பார்க்கலாம். 12 கிலோவாற்-மணிப் பற்றரி புதிதில் 40 அம்பியர்-மணி. 30 காட்டினால் நாலில் ஒரு பங்கு போய்விட்டது, விலை பேசும்போது அதைச் சொல்லுங்கள்.

ஜப்பான் ஏல அறிக்கையைச் சரிபார்ப்பது, கீழ்ப்பக்கத்தில் உப்புத் துருவைத் தேடுவது எல்லாம் வழக்கம் போல. தீவுப் பக்கமும் கரையோரமும் ஓடிய காரில் செம்மஞ்சள் நிற வயர்களின் இணைப்பிடங்களையும் பாருங்கள். அந்த நிறம் உயர் வோல்ற் என்பதற்கான எச்சரிக்கை. நீங்களும் தொடாதீர்கள், பயிற்சி இல்லாத கராஜில் தொடவும் விடாதீர்கள்.

படி 6: நாளாந்த ஓட்டமும் கொழும்புப் பயணமும்

ஊருக்குள் மின்சாரத்திலேயே ஓடுங்கள். எங்கள் தரை மட்டமானது, இறக்கத்தில் சார்ஜ் திரும்ப வரும் என்று காத்திருக்க முடியாது. முன்கூட்டியே அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்து மெதுவாக வேகம் குறைப்பதுதான் இங்கே பற்றரிக்குத் திரும்பக் கிடைக்கும் சக்தி. ஏசி சார்ஜை நிறைய எடுக்கும். வெளிக்கிடுமுன், பிளக்கில் இருக்கும்போதே காரைக் குளிராக்கும் வசதி இருந்தால் அதைப் பாவியுங்கள்.

கொழும்புக்குப் போகும்போது சாவகச்சேரி தாண்டி ஏ9 வீதியில் வேகம் எடுத்ததும், பற்றரியைச் சேமிக்கும் பொத்தானை அழுத்துங்கள். நெடுவழியில் எஞ்சின் தன் சிக்கனமான நிலையில் ஓடும். மிச்சம் வைத்த சார்ஜ் கொழும்பு நெரிசலில் உதவும். எஞ்சினால் பற்றரியை நிரப்பும் இன்னொரு பொத்தானும் சில கார்களில் உண்டு. அது பெற்றோலைக் குடிக்கும். தேவையில்லாமல் தொட வேண்டாம்.

மாதக்கணக்கில் மின்சாரத்திலேயே ஓடினால் தாங்கியிலுள்ள பெற்றோல் பழசாகும். அவுட்லாண்டரில் சுமார் 3 மாதத்துக்குள் 15 லீற்றராவது அடிக்காவிட்டால் கார் தானாக எஞ்சினை ஓட்டத் தொடங்கும். அது பழுது இல்லை. தாங்கியை எப்போதும் முழுக்க நிரப்பி வைக்காமல் அரைவாசியில் வைத்து, அடிக்கடி புதுப்பித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஒயில் மாற்றுவதை கிலோமீற்றரை மட்டும் பார்த்துத் தள்ளிப்போடாமல் காலத்தையும் பார்த்துச் செய்யுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் சார்ஜ் வயரின் பெட்டி தரையில் கிடக்கக் கூடாது, சுவரில் ஒரு கொழுக்கி அடித்துத் தொங்கவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து நின்று, பிறகு காரை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுப் போகும் வீடுகள் இங்கே பல. அப்படி விடும்போது பெரிய பற்றரியை முழுக்க ஏற்றியும் வைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். அரைவாசியில் நிழலில் நிறுத்துங்கள். முதலில் செத்துப்போவது 12 வோல்ற் சின்னப் பற்றரிதான். அது இறங்கிவிட்டால் பெரிய பற்றரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் கார் எழும்பாது. வீட்டில் நிற்பவரிடம் சொல்லி இரண்டு கிழமைக்கு ஒருமுறை காரை 'ரெடி' நிலைக்குக் கொண்டுவந்து அரை மணித்தியாலம் விடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் என்றால் சின்னப் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, கதவைத் திறக்கும் உலோகச் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் அவருக்குக் காட்டிவிட்டுப் போங்கள்.